கண்ணுக்கு வால் வைப்பதா, வேண்டாமா?

கண்ணில் நிரந்தரமாக மை எழுதும் தொழிலில் ஊசி பிடிக்கிறவருக்கு வேலை ஒன்றரை மணி நேரம், ‘உங்க கண்ணுக்கு எந்தக் கோடு பொருந்தும்’ என்று சொல்ல வேண்டியவளுக்கு வேலை ஒரு மாதம்.

அந்தச் சொல்ல வேண்டியவள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு சும்மா கிடந்த என்னை, விருத்தாசலம் கடைத்தெருவில் மாடியில் பார்லர் வைத்திருக்கும் எங்கள் சித்தி வந்து அழைத்துப் போனாள். அழைத்துப் போனாள் என்பது மரியாதைக்கு. வீட்டில் விட்டுவைத்தால் நான் பால்காரர் குரலில் கூவுவேன், எதிர் வூட்டு அம்மா பாத்திரத்தோடு வாசலுக்கு ஓடி வருவார், யாரும் இருக்க மாட்டார்கள். மூன்றாவது முறை அவர் பாத்திரத்தோடு நேராக எங்கள் அம்மாவிடம் வந்துவிட்டார். மறுநாளே எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

சித்தி புதுச்சேரியில் போய்க் கற்றுக்கொண்டு வந்தவள். பச்சை குத்துகிற மாதிரிதான், ஆனால் இமை ஓரத்தில், மயிரிழை ஊசியால் கருப்பு மையை ஏற்றிவிடுவாள். வியர்வைக்கும் கலையாது, முகம் கழுவினாலும் போகாது, வருஷக்கணக்கில் இருக்கும். அதுதான் வசதி, அதுதான் வம்பு. ஊசிக்கு முன்னால் கண்ணின் வடிவத்தைப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டுக் காட்டி, ஆளைச் சம்மதிக்க வைப்பது என் பங்கு. துணிக்கடையிலும் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் நின்றுகொண்டு “இது உங்களுக்கு எடுப்பா இருக்கும்” என்று சொல்லிச் சொல்லி, எடுப்பு என்றால் என்ன என்பதே மறந்துபோன தோழர்களே தோழிகளே, நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் புரியும்.

பாதாமில் தொடங்கிய வினை

சித்தி ஓர் அட்டை வைத்திருக்கிறாள். அதில் ஆறு கண்கள். பாதாம் கண், உருண்டைக் கண், ஓரம் இறங்கின கண், உள்ளே போன கண், சின்னக் கண், இமை மூடின கண். கடைசி வகையில் மேல் தோல் மடிந்து வந்து இமையில் பாதியை மறைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சட்டம்: பாதாமுக்கு எதுவும் சரி, உருண்டைக்கு ஓரத்தில் கொஞ்சம் நீட்டு, இறங்கினதுக்கு வாலை மேலே தூக்கு, சின்னதுக்குத் தடிப்பு ஆகாது, இமை மூடினதுக்கு மெல்லிசாக மட்டும். உயிரியல் பாடத்தைவிட வேகமாக மனப்பாடம் ஆயிற்று.

முதல் வாடிக்கையாளர் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த ஓர் அம்மா. நாற்காலியில் உட்கார்ந்தபோது பாதாமாக இருந்தார். சிரித்தார், சின்னதாகிவிட்டது. ஃபோனைக் குனிந்து பார்த்தார், ஓரம் இறங்கிவிட்டது. விலையைச் சொன்னேன், உருண்டை. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. அவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, நான் கண்ணுக்கு மை எழுத வந்தேனா, ஜாதகம் எழுத வந்தேனா?”

அழாத கண்

தமிழரசி அக்கா வந்தது இரண்டாவது வாரம். நம் ஊர் செராமிக் பட்டறை ஒன்றில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். வரிசையாக நிற்கும் பிள்ளையாருக்கும் செட்டியாருக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் கண் போடுவாராம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், உள்ளே நெருப்பு எப்படி இருக்கிறது என்று சூளை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். அது யாரும் சொல்லி இல்லை, சும்மா ஓர் ஆசை. அனல் ஒரு வீச்சு வீசியதில் புருவமும் இமை மயிரும் பொசுங்கிவிட்டன. புருவம் திரும்ப வந்துவிட்டது. இமை மயிர் மட்டும் திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது.

பார்வைக்கு ஒன்றும் இல்லை, கண் டாக்டரிடம் காட்டி, இமையில் மை ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டும் வந்துவிட்டார். பிரச்சினை வேறு. மயிர் இல்லாத இமை எப்போதும் சிவந்து களைத்த மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் “அழுதியா?” என்று கேட்கிறார்கள். பட்டறையில் கேட்கிறார்கள், ரேஷன் கடையில் கேட்கிறார்கள், பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை. வீட்டில் இருப்பது மாமியார் ஒருவர்தான். ஆகவே தெரு முழுக்க ஒரே முடிவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அக்காவைக் கையோடு கூட்டிவந்ததே அந்த மாமியார்தான். படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் சித்தியிடம் சொல்லிவிட்டார்.

“மூணு வேளையும் நானே ஆக்கிப் போட்டு, கெட்ட பேரும் நானே வாங்கணுமா? இவ அழுத மாதிரி தெரியக் கூடாது, அவ்ளோதான், ஏதாவது பண்ணி உடுங்க.”

உருண்டையின் காரணம்

கம்மாபுரத்திலிருந்து ஒரு புது ஜோடி வண்டியில் வந்தது. பெண் உட்கார்ந்தாள், பேசியது முழுக்கப் பையன். ஃபோனில் ஏதோ ஒரு பெண்ணின் கண் படத்தை வைத்துக்கொண்டு, அதை மனைவியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இதே மாதிரி, இதே மாதிரி என்றான். படத்தில் இருந்த கண் பாதி மூடி மயக்கத்தில் இருந்தது. இந்தப் பெண்ணுடையது நல்ல உருண்டை. அந்தக் கோட்டை இங்கே போட்டால் ஆந்தை மாதிரி ஆகிவிடும் என்பதை ஆந்தை என்ற வார்த்தை வராமல் சொல்ல நான் ஐந்து நிமிஷம் தடுமாறினேன். உருண்டைக் கண் என்றால் அவனுக்குப் புரியவில்லை. ஃபோனைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நிற்கச் சொல்லி சித்தி அவனை அனுப்பினாள்.

அவன் தலை மறைந்ததும் கண் பாதாமாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் முன்னாலேயே. நான் அட்டையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், மறுபடி அட்டையைப் பார்த்தேன். அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“அவரு பேசும்போது மட்டும்தாங்க உருண்டை ஆவும். நீங்க இப்ப இருக்கறதுக்கு எழுதுங்க.”

இடது ஒன்று, வலது ஒன்று

எனக்கே ஒரு முடிவுக்கு வர முடியாதபோது நான் கண்டுபிடித்த உபாயம், இடது கண்ணில் ஒரு கோடு, வலது கண்ணில் வேறு கோடு. கண்ணாடியில் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுக்கொள்ளலாம் அல்லவா. கணக்கு டீச்சர் ஒருவருக்கு அப்படிப் போட்டேன். இடப்பக்கம் மெல்லிசாக, வலப்பக்கம் வால் வைத்து. அவர் கண்ணாடியைக் கையில் வாங்குவதற்குள் ஃபோன் வந்தது. ஏதோ அவசரம், இதோ வந்துடறேன் என்று இறங்கிப் போய்விட்டார். போனவர் வங்கிக்குப் போய், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு, கோயில் வாசலில் பூ வாங்கிக்கொண்டு, ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் சித்தி என்னைத் திட்டித் திட்டி அலுத்து, அலமாரி துடைக்கச் சொல்லியிருந்தாள்.

டீச்சர் கோபப்படவே இல்லை. யோசனையில் இருந்தார். வகுப்பில் விடை வராத கணக்கைப் பார்க்கிற மாதிரி கண்ணாடியைப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் பாத்தவங்க நல்லா இருக்குன்னாங்க, அந்தப் பக்கம் பாத்தவங்களும் நல்லா இருக்குன்னாங்க. எதிர்ல பாத்தவங்கதான் ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க.”

பொம்மை இமைக்காது

தமிழரசி அக்கா மறுபடி வந்தார், இந்த முறை தனியாக, முடிவோடு. தடிப்பாக வேண்டும், வால் வேண்டும், தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் மை போட்டிருக்கிறாள் என்று தெரிய வேண்டும். மை போட்டவளை யாராவது அழுதியா என்று கேட்பார்களா? கேள்வி நியாயமாகத்தான் பட்டது. பென்சிலை என்னிடமிருந்து வாங்கி, தன் இமையில் தானே, ஒரே இழுப்பில், பொம்மைக்குப் போடுகிற அதே கோட்டைப் போட்டுக்கொண்டார். என் கை அந்த மாதிரி ஒரு கோட்டை ஏழு ஜென்மத்துக்கும் போடாது.

ஆனால் அக்காவின் கண் இமை மூடின வகை. கண்ணை மூடியிருக்கும்போது கோடு அற்புதமாக இருந்தது. திறந்ததும் தடிப்பு முழுக்க மடிப்புக்குள் போய்விட்டது. வால் மட்டும் மடிப்பில் மாட்டிக்கொண்டு, உடைந்து, கீழே பார்த்துத் தொங்கியது. மை கரைந்து வழிந்த மாதிரி. அதாவது அழுத மாதிரி. அக்கா தினமும் எழுதுகிற கண்கள் ஒன்றுகூட இமைத்ததில்லை, போட்ட கோடு போட்ட இடத்தில் நிற்கும். மடிப்பு என்ற சமாசாரமே அவர் தொழிலில் கிடையாது. நான் எனக்குத் தெரிந்த வரையில் சொல்லிப் பார்த்தேன். அட்டையைக் காட்டினேன். சரி, இதோடு ஒருநாள் பட்டறைக்குப் போய்விட்டு வாருங்கள் என்றேன்.

சாயங்காலம் வந்தார். மூன்று பேர் அழுதியா என்று கேட்டார்களாம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அட்டையைக் கையில் எடுத்தேன்.

“அது பென்சில் பாப்பா, வேர்வைல கலைஞ்சி வழிஞ்சிருக்குது. ஊசின்னா கலையாதுல்ல, அதுக்குத்தான் ஊசியே போட்டுக்கறேங்கறேன்.”

சித்தியின் குரலோடு வந்த வசனம்

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சித்தி மதியம் சாப்பிடப் போகும்போது பார்லர் ஃபோன் என் கையில் இருக்கும். நான் எடுத்தால் சின்னப் பொண்ணு என்று நினைத்து ‘பெரியவங்க இல்லையா’ என்பார்கள். ஆகவே சித்தி குரலில் எடுப்பேன். சித்தியின் குரல் எனக்கு வெல்லம் மாதிரி வரும். முதலில் ஓர் இருமல், அப்புறம் மூக்கால் ஒரு ‘ம்ம்ம்’, அப்புறம் வார்த்தை. சித்தப்பாவே இரண்டு முறை ஏமாந்து, இராத்திரி குழம்புக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். கத்திரிக்காய் என்று சொல்லி வாங்கிவரச் செய்ததும் நான்தான்.

அன்றைக்கு அழைத்தது தமிழரசி அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஊசிக்கு வருவதாகவும், பாப்பா வால் வேண்டாம் என்று குழப்புவதாகவும், நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒருத்தர் குரல் வந்தால் அவர் வசனமும் கூடவே வந்துவிடுகிறது. சித்தி எல்லாரிடமும், புடவை கட்டிவிடச் சொல்லி வந்தவரிடமும் முடி வெட்ட வந்தவரிடமும், ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். இருமி, மூக்கால் இழுத்து, அதையே சொல்லிவிட்டேன்: உனக்கென்னம்மா, எது வெச்சாலும் எடுப்பாத்தான் இருக்கும். ஃபோனை வைத்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. திருப்பி அழைக்கலாம் என்றால் எந்தக் குரலில் அழைப்பது என்று புரியவில்லை. அக்கா கடைசியாகச் சொன்ன வார்த்தை காதிலேயே நின்றது.

“இப்பதாங்க மனசு தெளிஞ்சுது, நீங்க சொன்னா சரியா இருக்கும்.”

இரண்டு சித்திகள்

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடலாம் என்று நாலு நாள் நினைத்தேன். சொன்னால் சித்தி ஃபோனைப் பிடுங்கிக்கொள்வாள், என்னையும் வீட்டுக்கு அனுப்புவாள், அங்கே எதிர் வூட்டு அம்மா பாத்திரத்தோடு காத்திருப்பார். ஞாயிறும் வந்தது. அக்காவைப் படுக்க வைத்து, இமையில் மரத்துப்போகிற களிம்பு தடவி, கண்ணை மூட வைத்தாயிற்று. மூடிய கண்ணில், அவரே வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பொம்மைக் கோடு ராஜா மாதிரி வால் வைத்துக்கொண்டு கிடந்தது. சித்தி பார்த்துவிட்டு, இது யார் முடிவு பண்ணது என்றாள். நீங்கதான ஃபோன்ல சொன்னீங்க என்றார் அக்கா. ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் பேசுகிற சித்தி, சொல்லியிருப்போம் போலிருக்கிறது என்று தலையை ஆட்டிக்கொண்டு மெஷினை எடுத்தாள்.

மெஷின் ஙொய் என்றது. நிறுத்துங்க சித்தி என்று என் சொந்தக் குரலில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இருமல். அப்புறம் மூக்கால் ‘ம்ம்ம்’. “உனக்கென்னம்மா, எது வெச்சாலும் எடுப்பாத்தான் இருக்கும்.” அச்சு அசல் சித்தி. மெஷின் நின்றது. சித்தி தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்த அட்டையிலும் வடிவம் கிடையாது. ஃபோன்ல பேசினது நீயாடி என்றாள், ஆமாம் சித்தி என்றேன், அதுவும் சித்தி குரலிலேயே வந்து தொலைத்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்த அக்காவுக்குக் கேட்டதெல்லாம் ஒரே சித்தி தன்னைத் தானே அதட்டி, தானே ஒத்துக்கொண்டது மட்டும்தான். கையை நீட்டித் துழாவினார். என் கை அகப்பட்டது, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கொரலு யாருதா வேணா இருக்கட்டும், கண்ணு என்னுது. இங்க இருக்கறவங்கள்ல யாராவது ஒருத்தர் நெசத்தைச் சொல்லுங்க.”

உட்கார வைத்து ஒரு படம்

சித்தி கோடு கலையாமல் களிம்பைத் துடைத்தாள். அக்காவை உட்கார வைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, ஃபோனில் ஒரு படம் எடுத்தாள். கண்ணை மூடச் சொல்லி இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். மூடிய படத்தில் கண்காட்சிப் பொம்மை. திறந்த படத்தில் வால் ஒடிந்து கீழே தொங்குகிறது. ஊசியில் ஏற்றினால் கலையாது, உண்மைதான், இந்தத் தொங்கல்கூடக் கலையாது என்று மட்டும் சித்தி சொன்னாள். அக்கா வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியில் நாம் ஒரு கண்ணை மூடினால் அதை இன்னொரு கண்ணால்தான் பார்க்க வேண்டும், அப்போது முகமே கோணிக்கொள்ளும். தன் மூடிய கண்ணையும் திறந்த கண்ணையும் இப்படிச் சேர்த்துவைத்துப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவையாம்.

பிறகு சித்தி அந்தக் கோட்டை அழித்துவிட்டு என் கையில் பென்சிலைக் கொடுத்தாள். அட்டையில் படித்ததைப் போடு என்றாள். இமை மயிர் முளைக்கிற வரிசையிலேயே, நடுநடுவே இருக்கிற வெற்றிடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் மட்டும் ஒரு துளி கனமாக்கி நிறுத்தினேன். வால் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் கோடு போட்டதே தெரியாது, மயிர் அடர்த்தியாக இருப்பது போலத்தான் தெரியும். அக்கா இரண்டு முறை கண்ணை மூடித் திறந்து படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். திருப்தி என்று சொல்ல முடியாது. இருந்தாலும் படுத்துக்கொண்டார்.

“பட்டறையில இப்படி ஒரு கண்ணு எழுதிக் குடுத்தா, வேலை பாதில நிக்குதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. சரி, போடுங்க.”

வீங்கிய இரண்டு நாள்

ஊசி போட்ட மறுநாளும் அதற்கு மறுநாளும் இமை வீங்கும். அது எல்லாருக்கும் வீங்கும், தண்ணீர் படாமல், கசக்காமல் இருந்தால் தானே வடிந்துவிடும், பொருக்கு உதிர்ந்து நிறமும் கொஞ்சம் வெளுக்கும். இதெல்லாம் அக்காவிடம் சொல்லித்தான் அனுப்பினோம். மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து ஃபோன் வந்தது. நான் இனி சொந்தக் குரலில்தான் எடுக்க வேண்டும் என்று சித்தியின் உத்தரவு, எடுத்தேன். பெரியவங்க இல்லையா என்றார். நான்தான் பேசுகிறேன், இரண்டு நாளில் வடிந்துவிடும் என்று எவ்வளவோ சொன்னேன். தெருவில் நாலு பேர் வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

“முன்ன அழுத மாதிரிதான் இருந்தா, இப்ப நான் அடிச்ச மாதிரி இருக்கா.”

திருத்தத்துக்கு வந்த நாள்

ஒன்றரை மாதம் கழித்து, அங்கங்கே வெளுத்த இடத்தைத் திருத்திக்கொள்ள எல்லாரும் ஒருமுறை வர வேண்டும். அதற்குள் எனக்குப் பரீட்சை முடிவு வந்து, கல்லூரியிலும் இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை மட்டும் பார்லர். அப்படி ஒரு சனிக்கிழமை அக்கா வந்தார். படியேறி வந்தவரின் கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். கோடு தெரியவில்லை. கண் தெரிந்தது. யாரோ நன்றாகத் தூங்கி எழுந்து வந்த மாதிரி இருந்தது.

நாற்காலியில் உட்கார வைத்து, நேராகப் பார்க்கச் சொன்னேன். வலது ஓரத்தில் இரண்டு புள்ளி மட்டும் வெளுத்திருந்தது. இப்போது யாராவது கேட்கிறார்களா என்று விசாரித்தேன். பட்டறையில் கேட்பதில்லையாம், பஸ்ஸில் கேட்பதில்லையாம், மாமியார் ரேஷன் கடையில் தலை நிமிர்ந்து நிற்கிறாராம். அக்கா சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், இமை மூடின கண்ணில் அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்தான்.

“திருப்பூருக்குப் போனவரு தீபாவளிக்கும் வர முடியாதுன்னு இப்பவே சொல்லிட்டாரு பாப்பா. அன்னைக்கு நெசமாவே உக்காந்து அழுதேன், ஒருத்தருக்கும் தெரியல.”

நான் பென்சிலைச் சீவி, வெளுத்த அந்த இரண்டு புள்ளியையும் குறித்தேன்; ஆக இத்தனை கண்களை உற்றுப் பார்த்ததில், எதிரில் இருப்பவர் உட்கார்ந்து கண்ணைத் திறந்திருக்கும்போதுதான் கோடு போட வேண்டும் என்பதைத் தவிர இந்தத் தொழிலில் எனக்கு வேறு எதுவும் உறுதியாகப் புரியவில்லை.